கொப்பியில் ஏறாத பங்கு

சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒருநாள் காலை, படகிலிருந்து இறங்கிய காக்கா ஒருவரிடம், "இண்டைக்கு எப்படி?" என்று கேட்டேன். "மீன் பட்டிச்சி தம்பி, காசுதான் படல்ல" என்றார். பகிடி என்று நினைத்தேன். கணக்கைக் கேட்ட பிறகுதான் விளங்கியது.

எங்கட பகுதியில் கடலுக்குப் போகின்றவர்களில் பலருக்குச் சம்பளம் இல்லை, பங்குதான். மீன் விற்ற காசில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவுகளை முதலில் கழிப்பார்கள். மிச்சத்தில் பாதி படகுக்காரருக்கும் மறுபாதி ஆட்களுக்கும் போவது ஒரு வழமை. இடத்துக்கிடம் இது மாறும். உதாரணமாக, விற்பனை 30,000 ரூபாய், செலவு 10,000 என்று வைப்போம். மிச்சம் 20,000. படகுக்கு 10,000 போக, இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 5,000. செலவு 20,000 ஆகிவிட்டால், அதே மீனுக்கு ஆளுக்குக் கிடைப்பது 2,500. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. இந்த முறைப்படி, அந்த விலையேற்றத்தில் பாதி, படகே இல்லாதவர்களின் தலையில் விழுந்தது.

வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். பல நாட்கள் தொழில் இல்லை. வீட்டுச் செலவுக்கு முதலாளியிடம் முன்காசு வாங்குவார்கள். அது கழியும்வரை வேறு படகுக்கு மாறுவது கஷ்டம். முதலாளிமாரை மட்டும் குறை சொல்லவும் ஏலாது. வலை அறுந்தாலும் இயந்திரம் பழுதானாலும் நட்டம் அவர்களுக்கே. வங்கி பிணை கேட்கும் இடத்தில் கைமாற்றுத் தருபவர்களும் அவர்கள்தான்.

பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. சம்பளப் பட்டியல் இல்லாததால் ஊழியர் சேமலாப நிதி இவர்களை எட்டுவதில்லை. மீனவர் ஓய்வூதியத்துக்கென 1990இல் சட்டம் வந்தது. அது தவணைப் பணம் கட்டிச் சேரும் திட்டம். மாதம் மாதம் வருமானம் மாறுகிறவர் ஒழுங்காகக் கட்டுவது எப்படி?

சர்வதேச தொழில் தாபனத்தின் 2007ஆம் ஆண்டு மீன்பிடித் தொழில் சமவாயம், பங்குக்கு வேலை செய்பவரின் உடன்படிக்கையில் பங்கின் அளவும் அதைக் கணக்கிடும் முறையும் எழுதப்பட வேண்டும் என்கிறது. நமது மீனவர் சங்கங்கள் இதைத் தாமாகவே தொடங்கலாம். விற்பனை, செலவு, பங்கு ஆகிய மூன்றையும் பயணத்துக்குப் பயணம் எழுத, ஆளுக்கொரு கொப்பி போதும். புயலுக்குப் பின் நாம் கொடுக்கும் அரிசி தேவைதான். ஆனால் அது ஒரு மாதத்தில் முடிந்துவிடும். எழுதிய கணக்கு, வங்கியிலும் காப்புறுதியிலும் காட்ட ஒரு சான்றாகும்.

அந்தக் காக்கா கடைசியாகச் சொன்னார்: "முப்பது வருசம் கடலுக்குப் போறன் தம்பி. முதலாளிட கொப்பில என்ட கடன் மட்டும்தான் இருக்கு. நான் உழைச்சது எங்கயும் இல்ல."