மறுமையை நம்பியவர்கள் இம்மைக்குச் செய்தது

பரலோகத்தைப் பற்றியே பேசுகிறவர்களால் பூமிக்கு என்ன பயன் என்ற கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல. ‘இந்த உலகத்தில் நாம் பரதேசிகள்’ என்ற பேச்சு கிறிஸ்தவப் பிரசங்கங்களிலும் துக்க வீட்டு ஜெபங்களிலும் அடிக்கடி காதில் விழும். ஒரு ராத்திரி தங்கிப் போகிற சத்திரத்தின் ஒழுகும் கூரையை யார் மெனக்கெட்டு மாற்றுவார்? மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ் கேட்டதும் சாரத்தில் இதைத்தான். அவருக்கு வெகு காலம் முன்பே திருச்சபைக்குள்ளும் இந்தச் சிக்கல் தலைகாட்டியிருக்கிறது. கிறிஸ்துவின் வருகையைப் பற்றிய பரபரப்பு மிகுந்திருந்த தெசலோனிக்கே சபையில் சிலர் வேலைக்குப் போகாமல் திரிந்தார்கள். அப்போஸ்தலனாகிய பவுல் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். ஆக, நித்தியத்தை நம்புவது சோம்பலுக்குச் சாக்காக முடியும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நம்பிக்கையைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், மறுமையில் வைத்த பார்வைதான் அவர்களை இம்மையின் மிகச் சிறிய வேலைகளிலும் ஊன்றி நிற்கவைத்தது என்று தெரிகிறது.

கிறிஸ்தவம் சொல்லும் நித்தியம், உடலென்ற சிறையிலிருந்து ஆத்துமா தப்பிப் போவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் திருச்சபையின் விசுவாச அறிக்கை சொல்வது சரீரத்தின் உயிர்த்தெழுதலை. இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. உடல் கழற்றி எறியும் சட்டையாக இருந்தால் அதற்குக் கட்டுப்போடுவது வெறும் கருணை. கடவுள் எழுப்பப்போகிற உடல் என்றால் அதன் ஒவ்வொரு விரலுக்கும் மதிப்பு உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதலைப் பற்றியது. 58 வசனங்கள் கொண்ட அந்த நீண்ட வாதத்தைப் பவுல் முடிக்கும் இடம் வானமல்ல, வேலை. படும் பாடு வீணாகாது, ஆகவே தளராமல் உழையுங்கள் என்ற பொருளில் அந்த அதிகாரம் நிறைவடைகிறது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலேயே சான்று இருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர் 1913ஆம் ஆண்டு வாக்கில் அங்கே குடியேறினார்கள். மலேரியாவும் நரம்புச் சிலந்தியும் மலைவாழ் மக்களை வாட்டிய காலம். நரம்புச் சிலந்தி குடிநீரில் பரவுவது. தோலைப் பொத்துக்கொண்டு வெளியே தலைநீட்டும் புழுவை நாள்கணக்கில் மெல்ல மெல்ல இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த வைத்தியத்தையும் பள்ளிக்கூடத்தையும் விவசாயத்தையும் ஜெஸ்ஸி சேர்த்தே கவனித்தார். பல ஆண்டுகள் ஒருவர்கூட அவருடைய சபையில் சேரவில்லை. 1929இல் மலேரியா முற்றி அவர் மலையிலேயே இறந்தார். எவலின் ஊழியத்தை விட்டுவிடவில்லை. எழுபது வயதை நெருங்கியபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அதற்குப் பிறகும் சொந்தப் பொறுப்பில் மலைக்கே போனார், கல்வராயன் மலைவரை ஊழியத்தை விரித்தார். 1974இல் 95 வயதில் இறக்கும்வரை அவருடைய மனம் மலையில்தான் இருந்தது. அவர்கள் எதிர்த்துப் போராடிய நரம்புச் சிலந்தி இந்தியாவில் ஒழிந்துவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்ததோ அவர்கள் காலத்துக்குப் பிறகு, 2000ஆம் ஆண்டில்தான்.

கொல்லிமலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டை அடுத்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. செத்துப்போனதாக எல்லோரும் கைவிட்ட கையில் வலுவான தசைகள் மிச்சமிருந்தன. முன்கையில் நல்ல நிலையிலிருந்த தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலுக்குத் திருப்பித் தைத்தால் விரல் நிமிரும் என்று அவரும் அவருடைய குழுவினரும் செய்து காட்டினார்கள். நோய் விரல்களை அரித்துத் தின்பதில்லை, வலி தெரியாததால் சூடும் வெட்டும் பட்டுப் புண்ணாகித்தான் அவை தேய்கின்றன என்பதையும் பொறுமையாகக் கண்டறிந்தார்கள். பொது மருத்துவமனைகள் தொழுநோயாளிகளைச் சேர்க்கவே தயங்கிய காலம் அது. கௌரவமும் வரும்படியும் தேடுகிற ஒரு மருத்துவர் தேர்ந்தெடுக்கும் துறையல்ல.

‘எல்லாம் ஆள் சேர்க்கத்தானே’ என்று ஒருவர் கேட்கலாம். ஜெஸ்ஸி சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் மருந்து வெறும் தூண்டிலாக இருந்திருந்தால், மீன் சிக்காத ஆண்டுகளில் தூண்டிலைச் சுருட்டியிருப்பார். பலன் கண்ணில் படாதபோதும் வேலை நின்றுவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: அடிமைகளுக்குப் பரலோகத்தைக் காட்டி அடக்கிவைத்தவர்களும் கிறிஸ்தவர்கள்தாமே? உண்மை. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக 1807இல் லண்டனில் அச்சான வேதாகமத்தில், மோசே இஸ்ரவேலரை எகிப்திலிருந்து விடுவித்த வரலாற்றையே வெட்டியிருந்தார்கள். முழு நூலையும் கையில் கொடுக்க அவ்வளவு பயம். அதே 1807இல்தான், சுமார் இருபது ஆண்டுகள் விடாமல் போராடிய வில்பர்ஃபோர்ஸ் என்ற தீவிர விசுவாசியின் முயற்சியால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. நம்பிக்கையைக் கத்தரித்தால்தான் அது அபினாகிறது.

கடவுளை நம்பாதவர்களும் இப்படி உழைக்கிறார்களே என்றால், ஆம், உழைக்கிறார்கள். அவர்களுடைய தொண்டு எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல. நித்திய நோக்கம் நன்மைக்குத் தனிக் குத்தகை எடுப்பதில்லை. பரலோகத்தில் கூலி வாங்கத்தான் இந்த உழைப்பு என்பதும் கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாது. இரட்சிப்பு கிருபையால் கிடைப்பது, சம்பாதிப்பதல்ல. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சியில், பசித்தவருக்குச் சோறிட்டவர்கள் தாங்கள் ராஜாவுக்கே செய்திருக்கிறோம் என்று தெரியாமல் திகைத்துத்தான் நிற்கிறார்கள். கணக்கு எழுதி வைத்தவர்கள் திகைக்க மாட்டார்கள்.

மிஷனரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் மட்டும் உரியது என்று இதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். படுத்த படுக்கையான மாமியாரைக் குளிப்பாட்டுகிறவரும், லஞ்சம் வாங்காததால் பதவி உயர்வு தள்ளிப்போன குமாஸ்தாவும் உழைப்பது பாராட்டு வராத இடத்தில்தான். செய்தது வீணாகாது என்ற நம்பிக்கை அவர்களை அவசரத்திலிருந்தும் கசப்பிலிருந்தும் காக்கும். ஒருவருடைய நித்திய நோக்கம் மெய்யானதா என்று அறிய அவர் பரலோகத்தைப் பற்றி எவ்வளவு பேசுகிறார் என்று கேட்க வேண்டியதில்லை. பலன் தன் காலத்தில் வராது என்று தெரிந்தும் எந்த வேலையை விடாமல் செய்கிறார் என்று பார்த்தால் போதும்.