பழைய மடிக்கணினியை ஒதுக்கிவிடாதீர்கள்!

2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடியபோது என்ன நடந்தது? படகுகளின் இயந்திரத்தில் பழுதில்லை. கடலுக்குப் போகத்தான் வழியில்லை. பல்கலைக்கழகம் போகும் உங்கள் பிள்ளையின் மடிக்கணினி மெதுவாக இயங்குவதும் பெரும்பாலும் இப்படித்தான். மூளையாகிய புரொசசர் நன்றாகவே இருக்கும். தகவல் வந்துபோகும் ஹார்ட் டிஸ்க்கில்தான் நெருக்கடி.

பழைய டிஸ்க்கினுள் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கின்றன. வாசிக்கும் முனை அங்குமிங்கும் நகர்ந்து தேடவேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. முன்னது வினாடிக்குச் சுமார் 100 மெகாபைட் வாசித்தால், சாதாரண எஸ்.எஸ்.டி. 500 வாசிக்கும்.

வாங்குமுன் பொருத்தம் பாருங்கள். பழைய கணினிகளுக்கு இரண்டரை அங்குல சாட்டா. புதியவற்றுக்குப் பெரும்பாலும் எம்.2. அதிலும் இரு வகை உண்டு. ஆகவே கணினியின் மாதிரி எண்ணைக் கடையில் காட்டுங்கள். படிப்புக்கு 256 ஜிகாபைட் போதும். வீடியோக்கள் அதிகமென்றால் 512. ரேம் 4 ஜிகாபைட் மட்டுமே என்றால், முடிந்தால் அதையும் கூட்டுங்கள்.

மாற்றுமுன் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

கழற்றிய டிஸ்க்கைக் கடையில் விட்டு வராதீர்கள்! அழித்த குடும்பப் படங்களையும் மீட்டெடுக்க முடியும். நல்ல நிலையிலிருந்தால் யூ.எஸ்.பி. உறையில் போட்டு, பிரதிகள் வைக்கப் பயன்படுத்துங்கள். புதுக் கணினிக்குக் கடன்படுமுன் இதைச் செய்து பாருங்கள்.