அறுத்த கருக்குழாயை மீண்டும் இணைக்க முடியுமா?



2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி, நாகப்பட்டினம் கடற்கரையில் ஏராளமான குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. அவர்களுடைய தாய்மாரில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெற்ற பிள்ளைகளும் இல்லை. இனிப் பெறவும் வழியில்லை. 2005-இல் தமிழக அரசு, இத்தாய்மாருக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்ய முன்வந்தது. அந்தச் சிகிச்சையைப் பற்றி உங்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

கர்ப்பப்பையின் இரு பக்கமும் உள்ள கருக்குழாய்கள் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ளவை. கருமுட்டையும் விந்தணுவும் இங்கேதான் சந்திக்கின்றன. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் குழாயின் ஒரு சிறு பகுதியைக் கட்டி வெட்டிவிடுவார்கள்; அல்லது லேப்ராஸ்கோப் மூலம் வளையம் போட்டு அடைப்பார்கள்.

மறு இணைப்பின்போது, தழும்பேறிய பகுதியை நீக்கிவிட்டு, நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைக்கிறார்கள். கர்ப்பப்பையை ஒட்டிய பகுதியில் குழாயின் துவாரம் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். ஆகவே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். பிறகு கர்ப்பப்பை வழியாக நீலச் சாயநீரைச் செலுத்துவார்கள். அது குழாயின் மறுமுனையில் வெளிவந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். 1970-களில் பிரிட்டனில் ராபர்ட் வின்ஸ்டன், கனடாவில் விக்டர் கோமெல் ஆகிய மருத்துவர்கள் இம்முறையை வளர்த்தார்கள்.

எல்லாருக்கும் இது பலன் தருமா? தராது. வயது 35-க்குள் இருந்து, குழாய் 4 சென்டிமீட்டருக்குமேல் மீதமிருந்தால், பாதிக்கு மேற்பட்டோர் கருத்தரிக்கிறார்கள். வளையம் போட்டவர்களுக்குச் சேதம் குறைவு என்பதால் வாய்ப்பு அதிகம். கருமுட்டையை ஏந்தும் விரல் போன்ற முனையையே வெட்டியிருந்தால் இணைக்க இயலாது. காசநோயால் கெட்டுப்போன குழாய்க்கும் இது உதவாது. அவர்களில் சிலருக்குச் சோதனைக்குழாய் முறை வழியாகலாம். கணவரின் விந்துப் பரிசோதனையையும் முதலிலேயே செய்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டு மனைவியின் வயிற்றைத் திறப்பது நியாயமல்ல.

ஓர் ஆபத்தும் உண்டு. தைத்த குழாயிலேயே கரு தங்கிவிடலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மாதவிலக்கு தள்ளிப்போனதும் தாமதமின்றி ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அடிவயிற்றில் வலி, மயக்கம், இரத்தக்கசிவு ஏற்பட்டால் இரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து இவை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது அவசியம் என்று நாங்கள் கருதுகிறோம். ஆசை காட்டி அனுப்பிவிட்டுப் பிறகு கைவிரிப்பது இரண்டாவது துக்கமாகிவிடும். இழந்த பிள்ளைக்கு ஈடாக இன்னொரு பிள்ளை வருவதில்லை என்பதையும் அத்தாய்மார் நம்மைவிட நன்றாக அறிவார்கள். அவர்கள் கேட்பது ஒரு வாய்ப்பு மட்டுமே. பணமில்லை என்பதால் அந்த வாய்ப்பு ஒரு தாய்க்கும் கிடைக்காமல் போகாதபடி உங்கள் உதவி துணைநிற்கட்டும்.