வரைகலைக்குப் பேனா திரை: வாங்கும் முன் கவனியுங்கள்

நம் தருமபுரி மாவட்டப் பிள்ளைகள் சிலர் அனிமேஷன், கிராபிக் டிசைன் படிக்க ஆசைப்படுகிறார்கள். திரையிலேயே பேனாவால் வரையும் 'பென் டிஸ்ப்ளே' வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்த விவரங்களைத் தருகிறோம்.

குறைந்த விலையில் வரும் பென் டிஸ்ப்ளே பெரும்பாலும் தனியாக இயங்காது. கணினியோடு இணைக்க வேண்டும். வீட்டில் அரசு தந்த விலையில்லா மடிக்கணினி இருந்தால், அதில் எச்.டி.எம்.ஐ. போர்ட் உள்ளதா என்று முதலில் பாருங்கள். யு.எஸ்.பி.-சி போர்ட் எல்லாமே படத்தைக் கடத்தாது.

வாக்காம் பழைய பெயர். ஹுயான், எக்ஸ்பி-பென் பொதுவாக அதைவிட விலை குறைவு. தொடக்கத்துக்கு 12 அல்லது 13 அங்குலம் போதும். 'லேமினேட்டட்' திரையில் பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடைவெளி குறைவாகத் தெரியும். சார்ஜ் தேவைப்படாத பேனாவைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் வாங்கினால் பில், இந்திய வாரண்டி இரண்டையும் உறுதி செய்யுங்கள்.

இப்போதுதான் பழகும் பிள்ளைக்குத் திரையில்லாத பேனா பலகையே போதும். விலை பல மடங்கு குறைவு. 'கிரிட்டா' என்ற ஓவிய மென்பொருளைக் கணினியில் இலவசமாகவே பதிவிறக்கலாம். ஆறு மாதம் அதில் பழகட்டும். கை தேறிய பிறகு, சேமித்த பணத்தில் திரையுள்ளதை வாங்கலாம். இதற்காக வட்டித் தவணையில் சிக்க வேண்டாம்.