அடையாள அட்டைக்கு ஒரு பேர்ஸ்

போன மழைக்காலத்தில் எங்கள் டிவிஷனில் ஒரு அம்மா ஊழியர் சேமலாப நிதிப் பணம் எடுக்கப் புறப்பட்டார். ஐம்பது வயது முடிந்து வேலையிலிருந்து நின்றவர். தோட்ட ஆபிஸ் பேப்பர் எல்லாம் சரி. டவுனில் கவுண்டரில் இருந்தவர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில நம்பரே தெரியலையே அம்மா, புது அட்டை எடுத்துக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். முப்பது வருஷமாக அந்த அட்டை வெற்றிலைப் பையில்தான் கிடந்தது. லெமினேட் ஓரம் பிரிந்து, சுண்ணாம்பும் மழைத் தண்ணியும் உள்ளே போய், போட்டோவில் முகமே இல்லை. பஸ் காசும் ஒரு நாள் பேரும் போனதுதான் மிச்சம்.

நம்ம சனங்களுக்கு ஒரு துண்டுப் பேப்பர் என்றால் என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தில் நாடில்லாதவர்களாகி, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை பேப்பருக்காக அலைந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அப்படி வந்த அட்டையை ரவிக்கைக்குள்ளும் படங்கு மடிப்பிலும் வைத்து நனைய விடலாமா? கடைப் பேர்ஸ் ஆறு மாதத்தில் ஓரம் பிய்ந்துபோகிறது. வீட்டிலேயே ஒன்று செய்து கொள்வோம்.

வேண்டியவை: பழைய கலண்டரின் பின்பக்கத் தடிப்பு அட்டை, ஒரு துண்டு றெக்சின், பொப்ளின் துணி, பைண்டர் கம், சைக்கிள் டியூப் ஒட்டும் சொலுஷன். றெக்சினுக்காக முழு மீட்டர் வாங்க வேண்டாம். த்ரீவீல் சீட் அடிக்கும் கடையில் வெட்டி எறிகிற துண்டைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். கோதுமை மாப் பசை மட்டும் வேண்டாம். நம்ம லயத்து ஈரத்தில் அது பூஞ்சணம் பிடிக்கும், கரப்பான் பூச்சிக்கும் விருந்து.

அட்டையில் 9 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். றெக்சின் 22க்கு 15. றெக்சினின் துணிப் பக்கத்தில் பைண்டர் கம்மை மெல்லிசாகத் தேய்த்து, இரண்டு அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் 8 மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம் வேண்டும். ஒட்டி வைத்தால் பேர்ஸ் மூடவே மூடாது. எங்கள் முதல் பேர்ஸ் அப்படித்தான் தவளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நாலு மூலையிலும் றெக்சினைச் சாய்வாக வெட்டும்போது, அட்டை மூலையை ஒட்டி வெட்டாமல் 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். விடாவிட்டால் மூலையில் அட்டை எட்டிப் பார்க்கும். மேல் கீழ் ஓரங்களை முதலில் மடக்கி ஒட்டி, மூலையில் மிஞ்சுகிற காதை நகத்தால் உள்ளே தள்ளி, அதற்குப் பிறகு பக்க ஓரங்களை மடக்குங்கள். ஒரு இரவு பாரம் வையுங்கள். இப்போது அட்டை கொஞ்சம் வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம். உள் துணி ஒட்டினதும் அது மறுபக்கம் இழுத்து நேராக்கிவிடும்.

இனி லைனிங். பொப்ளின் 20க்கு 13½ வெட்டிக்கொள்ளுங்கள். பைக்கு இன்னொரு துண்டு, 20க்கு 10. பைத் துண்டின் மேல் ஓரத்தை ஒரு சென்டிமீட்டர் மடித்துத் தைத்துவிட்டு, பெரிய துணியின் அடி ஓரத்தோடு சேர்த்து வையுங்கள். பிறகு நாலு பக்கமும் சுமார் ஒரு சென்டிமீட்டர் பின்னால் மடித்துத் தைத்தால் 18க்கு 11½ வரும். அதாவது வெளி அட்டையை விடச் சுற்றிலும் கொஞ்சம் சின்னது. நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மேலிருந்து கீழாக இரண்டு தையல் ஓட்டினால் இரண்டு பை தயார். 2017 முதல் கொடுக்கிற சின்ன அட்டை 8½க்கு 5½ அளவு. நிறுத்தி வைத்தால் தலை கொஞ்சம் வெளியே தெரியும், எடுக்க லேசு. பழைய லெமினேட் அட்டை உள்ளவர்கள் வெட்டுவதற்கு முன் அதை அளந்து பாருங்கள்.

கடைப் பேர்ஸ் ஏன் ஓரத்தில் பிய்கிறது என்பது இங்கேதான் விளங்கும். உள்ளே மடக்கிய றெக்சின் ஓரத்தில் மேலே தெரிவது பிளாஸ்டிக் முகம். பைண்டர் கம் அதில் பிடிக்கவே பிடிக்காது. காய்ந்தால் பாலாடை மாதிரி கழன்று வரும். ஆகவே அந்த ஓரத்தைச் சுற்றிலும் உப்புத்தாளால் தேய்த்து, அங்கேயும் லைனிங்கின் பின் ஓரத்திலும் சொலுஷன் பூசுங்கள். உடனே ஒட்ட வேண்டாம். பத்து நிமிஷம் போல் காற்றில் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும், நடுவிலுள்ள அட்டையில் பைண்டர் கம்மைத் தேய்த்து லைனிங்கை வையுங்கள். சொலுஷன் பட்ட இடம் தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் ஒரு பக்கத்தை முதலில் வைத்து, நடுப் பள்ளத்தில் விரலால் அழுத்தி, பேர்ஸைப் பாதி மடக்கியபடியே மறுபக்கத்தை ஒட்டுங்கள். விரித்து வைத்து ஒட்டினால் மூடும்போது உள் துணி சுருங்கி மடிப்பு விழும்.

பைக்குள் சொப்பிங் பேக் துண்டு ஒன்றைச் செருக மறக்காதீர்கள். கம் துணி வழியாக ஊறினால் பை வாய் மூடிக்கொள்ளும். மூடின பேர்ஸுக்கு நடுவில் நாலாக மடித்த பத்திரிகைத் தாள் வைத்து, மேலே அம்மிக் குழவியை வையுங்கள். வெயில் காலத்தில் ஒரு இரவு போதும். மழை என்றால் இரண்டு இரவு.

சொலுஷனை அடுப்பங்கரையில் திறக்க வேண்டாம், தீப்பிடிக்கும் சாமான். வாசலில் வைத்துப் பூசுங்கள், பிள்ளைகள் முகர்ந்து பார்க்கவும் விடாதீர்கள்.

றெக்சின் தண்ணியைத் தடுக்கும் என்றாலும் ஓரத் தையல் தடுக்காது. கொழுந்துக்குப் போகும்போது பேர்ஸை ஒரு சின்னப் பொலித்தீன் பைக்குள் போட்டே கொண்டு போங்கள். அட்டை நம்பரை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வைத்திருப்பதும் நல்லது.

அந்த அம்மாவுக்குப் புது அட்டை வந்துவிட்டது, பணமும் எடுத்துவிட்டார். பச்சை றெக்சினில் ஒரு பேர்ஸ் செய்து கொடுத்தோம். ஒரு பக்கம் அட்டை இருக்கிறது. மறுபக்கத்தில் பாக்கு வைக்கலாமா என்று கேட்டார்.