ரேடாரோடு ஒரு கண்ணாமூச்சி

186 மீட்டர் நீளமுள்ள ஒரு போர்க்கப்பலை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் மைதானத்தில் கொண்டுவந்து வைத்தால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எடை 15,000 டன்னுக்கும் மேல். அமெரிக்கக் கடற்படையின் ‘ஜூம்வால்ட்’ என்ற நாசகாரிக் கப்பல்தான் அது. இந்தக் கப்பல் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது, மெய்ன் மாநிலக் கடலில் சிங்கி இறால் பிடிக்கும் ஒரு மீனவர் தன் படகிலிருந்த ரேடாரில் அதைப் பார்த்தார். திரையில் 40, 50 அடி மீன்பிடிப் படகு போலத்தான் தெரிந்ததாம். 2016-இல் வந்த செய்தி இது.

இதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது. அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். போன வருஷம் ஒரு ராத்திரி வலை விட்டுக் காத்திருந்தபோது ஒரு சரக்குக் கப்பல் நேராக இவர்கள் மேலேயே வந்துவிட்டது. டார்ச் அடித்தும், கத்தியும் திரும்பவில்லை. வலையை அறுத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பித்தான் தப்பினார்கள். விடிந்து கரைக்கு வந்ததும் அப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அவ்வளவு பெரிய கப்பல்ல ரேடார் இருக்கும்ல? நீ படிக்கிறியே, சொல்லு. நாங்க ஏன் அதுல தெரியல?”

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. பிறகு, ஒளிந்துகொள்ள விரும்பும் போர்க்கப்பல்கள் எப்படி ஒளிகின்றன என்று லைப்ரரியில் தேடிப் படித்தபோதுதான் அப்பாவுக்கான பதிலும் அதற்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

ரேடார் எதைப் பார்க்கிறது?

கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் நம் குரல் திரும்பி வருகிறதல்லவா? ரேடார் செய்வதும் அதுதான். குரலுக்குப் பதில் ரேடியோ அலை. அலை போய்த் திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. எதிரில் இருக்கும் பொருள் பெரிதா சிறிதா என்று ரேடாருக்குத் தெரியாது. எவ்வளவு எதிரொலி திரும்பி வந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

இந்த எதிரொலியை அளக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் திருப்பி அனுப்பும் அதே அளவு எதிரொலியைத் தர எவ்வளவு பெரிய உலோகக் கோளம் வேண்டும் என்று பார்க்கிறார்கள். அந்தக் கோளத்தின் குறுக்குவெட்டுப் பரப்புதான் அந்தப் பொருளின் ‘ரேடார் பரப்பு’. உதாரணமாக ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புத் தகட்டை, 3 செ.மீ. அலைநீளமுள்ள ரேடாருக்கு நேர் எதிரே நிறுத்துங்கள். அதன் ரேடார் பரப்பு சுமார் 14,000 சதுர மீட்டர்! அதாவது விட்டம் 130 மீட்டரைத் தாண்டும் ஒரு கோளத்துக்குச் சமம். அதே தகட்டைப் பத்து டிகிரி சாய்த்துப் பாருங்கள். அலை வேறு பக்கம் தெறித்துவிடும். ரேடாருக்குத் திரும்பி வருவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. தகடு அதேதான். மாறியது கோணம் மட்டும்.

கேரம் போர்டு சொல்லும் ரகசியம்

சாய்த்துவிட்டால் மட்டும் போதாது. மூலை என்று ஒரு பெரிய எதிரி இருக்கிறது. ஹாஸ்டலில் கேரம் ஆடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். ஸ்ட்ரைக்கரை மூலைக்குப் பக்கத்தில் ஒரு கட்டையில் அடித்தால், அங்கே பட்டு, அடுத்த கட்டையிலும் பட்டு, கிட்டத்தட்ட வந்த திசைக்கே திரும்பி வரும். எந்தக் கோணத்தில் அடித்தாலும் இதே கதைதான். காரணம், இரண்டு கட்டைகளும் செங்கோணத்தில் இருக்கின்றன.

மூன்று தகடுகள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் சேரும் மூலையில் ரேடார் அலையும் இப்படித்தான் வந்த வழியே திரும்பிப் போகிறது. நம் சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கூர்ந்து பாருங்கள். உள்ளே குட்டிக் குட்டி மூலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். லாரி எங்கிருந்து வெளிச்சம் அடித்தாலும் அது லாரி டிரைவர் கண்ணுக்கே திரும்பும்.

பழைய போர்க்கப்பல் என்பது மூலைகளின் மூட்டை. நிமிர்ந்த சுவர், தட்டையான தளம், கொடிமரம், படகு தூக்கும் கிரேன், ஏணி, கைப்பிடி எல்லாமே செங்கோணம். போதாததற்குக் கடலும் சேர்ந்துகொள்ளும். செங்குத்தான கப்பல் பக்கமும் படுத்திருக்கும் கடல் மட்டமும் சேர்ந்தால் அதுவே ஒரு பிரமாண்டமான மூலைதானே!

செங்கோணத்தை ஒழித்த கப்பல்கள்

1990-களில் இந்த விஷயத்தில் பெயர் வாங்கியது பிரான்ஸின் ‘லா ஃபாயெட்’ பிரிகேட். 1992-இல் நீரில் இறக்கப்பட்டு 1996-இல் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 125 மீட்டர். இதன் மேல்கட்டுச் சுவர்கள் சுமார் பத்து டிகிரி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். பக்கத்தில் படகு வைக்கும் திறப்புகளை மூடி மறைத்திருப்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த சாமான்களையெல்லாம் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். படத்தைப் பார்த்தால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி வழவழவென்று இருக்கும்.

ஸ்வீடன் இன்னும் ஒரு படி மேலே போனது. 2000-இல் நீரில் இறக்கிய ‘விஸ்பி’ என்ற கப்பல் சுமார் 73 மீட்டர் நீளம், 640 டன். முழு உடம்பும் கார்பன் ஃபைபர் பிளாஸ்டிக். மேலே இருக்கும் 57 மி.மீ. பீரங்கியின் குழாய்கூட, சுடாத நேரத்தில் கூண்டுக்குள் மடங்கிப் படுத்துக்கொள்ளும்.

நம் நாடும் சும்மா இல்லை. மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் உருவான ‘சிவாலிக்’, இந்தியாவில் கட்டப்பட்ட முதல் ஸ்டெல்த் பிரிகேட். 2010 ஏப்ரல் 29 அன்று கடற்படையில் சேர்ந்தது. கொல்கத்தாவில் கட்டப்பட்டு 2017-இல் சேர்ந்த ‘கில்டான்’ கப்பலின் மேல்கட்டு கார்பன் ஃபைபரால் ஆனது.

கார்பன் ஃபைபர் ரேடார் அலையை அப்படியே விழுங்கிவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது மின்சாரத்தைக் கடத்துவதால் அலையைத் திருப்பவும் செய்யும். அதனால் சாய்வு அவசியம் வேண்டும். எங்கே சாய்வு முடியவில்லையோ அங்கேதான் அலையை உறிஞ்சும் பூச்சும் பலகையும். கார்பன் தூளும் ஃபெரைட் தூளும் கலந்த இந்தப் பொருட்கள் அலையின் சக்தியை வாங்கிச் சூடாக மாற்றிவிடும். ஸ்டெல்த் வேலையில் முதல் மார்க் வடிவத்துக்கு. இரண்டாவது மார்க்தான் பூச்சுக்கு.

இவ்வளவு பாடு எதற்கு?

ரேடார் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. அலை போகும்போதும் பரவுகிறது, திரும்பும்போதும் பரவுகிறது. எனவே எதிரொலி, தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும். கப்பலின் ரேடார் பரப்பைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தால், கண்டுபிடிக்கும் தூரம் பாதிதான் ஆகும். 40 கி.மீ.-இல் தெரியும் கப்பலை 4 கி.மீ. வரை தெரியாமல் செய்ய வேண்டுமானால் பரப்பைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்க வேண்டும். ஆக, முழுக்க மறைவது என்பது நடக்காத காரியம்.

பிறகு என்ன லாபம்? 1982 பாக்லாந்து போரைப் பாருங்கள். மே 4 அன்று அர்ஜென்டினா விமானம் தாழப் பறந்து வந்து எக்ஸோசெட் ஏவுகணையை விட்டது. பிரிட்டனின் ‘ஷெஃபீல்ட்’ கப்பலில் அது மோதி 20 பேர் இறந்தார்கள். கட்டி இழுத்துப் போகும்போது மே 10 அன்று கப்பல் மூழ்கியது. இந்த ஏவுகணை கடலை ஒட்டி விநாடிக்கு 300 மீட்டருக்கு மேல் பறக்கும். 4 மீட்டர் உயரத்தில் வருவதாக வைத்துக்கொண்டால், 25 மீட்டர் உயரத்தில் ரேடார் வைத்திருக்கும் கப்பலுக்கு அது சுமார் 29 கி.மீ. தூரத்தில்தான் அடிவானத்துக்கு மேலே வரும். மீதி நேரம் ஒன்றரை நிமிடம்!

ஏவுகணையின் மூக்கிலும் ஒரு சின்ன ரேடார் இருக்கிறது. அதை ஏமாற்றக் கப்பல்கள் அலுமினியம் பூசிய மெல்லிய இழைகளை வானத்தில் தூவுகின்றன. இதற்கு ‘சாஃப்’ என்று பெயர். கப்பலின் எதிரொலி சின்னதாக இருந்தால் ஏவுகணைக்குச் சாஃப் மேகம்தான் பெரிய கப்பலாகத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பிவிடும். அந்த ஒன்றரை நிமிடத்தில் மாலுமிகளின் உயிர் இதில்தான் தொங்குகிறது.

ஆனால் இதில் ஒரு கொடுமையும் உண்டு. அதே போரில் மே 25 அன்று, போர்க்கப்பல் தூவிய சாஃபில் ஏமாந்து விலகிய ஏவுகணைகள், பக்கத்தில் இருந்த ‘அட்லான்டிக் கன்வேயர்’ என்ற சரக்குக் கப்பலில் போய் மோதின. அதில் சாஃப் கிடையாது. 12 பேர் இறந்தார்கள். பலமுள்ளவன் ஒளிந்துகொண்டால் பக்கத்தில் இருப்பவன் மாட்டிக்கொள்கிறான்.

கண் மட்டுமா? காதும் உண்டு

ரேடாரை ஏமாற்றினால் வேலை முடிந்ததா? இல்லை. எஞ்சின் புகைபோக்கியின் சூட்டை அகச்சிவப்புக் கருவி பிடித்துவிடும். அதனால் புகையோடு குளிர்ந்த காற்றைக் கலந்து விடுகிறார்கள். விஸ்பியில் புகையைப் பின்பக்கம் நீர்மட்டத்தை ஒட்டி வெளியேற்றுகிறார்கள். புரொப்பல்லர் சத்தம் நீர்மூழ்கிக்குக் கேட்டுவிடும். அதற்காக எஞ்சினை ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார வைக்கிறார்கள். விஸ்பியில் புரொப்பல்லரையே எடுத்துவிட்டு நீரைப் பீய்ச்சித் தள்ளும் வாட்டர் ஜெட் வைத்திருக்கிறார்கள். இரும்புக் கப்பல் ஒரு காந்தமும்கூட. 1939-இல் ஜெர்மனி காந்தக் கண்ணிவெடிகளைக் கடலில் போட்டபோது, பிரிட்டிஷ்காரர்கள் கப்பலைச் சுற்றிக் கேபிள் ஓட்டி, கரண்ட் பாய்ச்சி, அந்தக் காந்தத்தைச் சமன் செய்தார்கள்.

கடைசியாக, தன் ரேடாரையே அணைக்க வேண்டும். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டே ஒளிய முடியுமா?

இதற்கெல்லாம் விலை அதிகம். ஜூம்வால்ட் வகையில் 32 கப்பல் கட்டத் திட்டமிட்டார்கள். கடைசியில் கட்டியது மூன்றுதான். இன்னொரு வேடிக்கை: பனிமூட்டத்தில், நெரிசலான கடலில் மற்றவர்கள் வந்து மோதிவிடக் கூடாதே என்று, அந்தக் கப்பலில் ரேடார் ரிஃப்ளெக்டரை ஏற்றிக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள்!

அப்பாவுக்குப் பதில்

இப்போது பதில் சொல்கிறேன். நம் கடற்கரைப் போட்டுகள் கண்ணாடி இழையால் ஆனவை. கார்பன் இழை மாதிரி இல்லை இது. ரேடார் அலை பெரும்பாலும் இதை ஊடுருவிப் போய்விடும். கொஞ்சம் திருப்பி அனுப்புவது எஞ்சினும் ஆட்களும்தான். அந்தச் சின்ன எதிரொலியும் கடல் அலைகளின் எதிரொலிக்குள் கரைந்துவிடும். கோடிக்கணக்கில் செலவு செய்து ஜூம்வால்ட் தேடும் மறைவு, வேண்டாமலே அப்பாவின் போட்டுக்குக் கிடைத்திருக்கிறது.

மருந்தும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. போர்க்கப்பல் ஒழித்துக்கட்டும் மூலையை நாம் வேண்டுமென்றே செய்ய வேண்டும். பக்கம் 42 செ.மீ. உள்ள மூன்று சதுர அலுமினியத் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மூன்றும் செங்கோணத்தில் நிற்கும்படி பொருத்தினால் எட்டு மூலைகள் கிடைக்கும். ஒவ்வொரு மூலையின் உள்விளிம்பும் 30 செ.மீ. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 செ.மீ. அலைநீளத்தில் ஒரு மூலையின் ரேடார் பரப்பு 30 சதுர மீட்டருக்கும் மேல். அளவை இரட்டித்தால் பதினாறு மடங்கு. கப்பல்களில் இருக்கும் 10 செ.மீ. ரேடாருக்கு இதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதனால் தகடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. மழை பெய்தால் ஒரு மூலையில் தண்ணீர் தேங்குகிற மாதிரி நிறுத்தி, கம்பின் உச்சியில் கட்ட வேண்டும். கோணம் இரண்டு டிகிரி பிசகினால் எதிரொலி கணிசமாகக் குறையும். முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து அரம் போட்டோமே, அந்த உழைப்பு இங்கேதான் உதவுகிறது.

தீபாவளி லீவில் ஒன்று செய்து அப்பாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு டீசல் வேணுமா?” என்றார். வேண்டாம் என்றேன். கரண்டும் வேண்டாம் என்றேன். மூங்கில் கம்பில் கட்டிக்கொண்டு போனார். லைட்டை மட்டும் அணைத்துவிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். கப்பலில் ரேடாரைப் பார்க்க வேண்டிய ஆள் பார்க்கவில்லையென்றால் எந்தத் தகடும் காப்பாற்றாது.

நண்பர்களே, நம் ஷீட் மெட்டல் ஷாப்பில் மூன்று பேர் சேர்ந்தால் இது ஒரு நாள் வேலை. வரும் வருஷம் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் ஜூனியர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். செய்கிறவர்கள் என்னிடம் வாருங்கள். அளவுகளும் கணக்கும் என் நோட்டில் இருக்கின்றன. எங்கள் ஊரில் மட்டும் இன்னும் நிறைய போட்டுகள் ராத்திரியில் எந்த ரேடாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்