கேட்கத் தவறிய கேள்வி

சாய்ந்தமருதுக் கடற்கரையில் மாலை வேளைகளில் உலாவச் செல்வது என் வழக்கம். கரைவலை இழுப்போரின் ஆரவாரம் ஓய்ந்து, மஃரிபுக்குப் பாங்கொலி எழும்வரை அங்கே அமர்ந்திருப்பேன். அப்போதெல்லாம் என் பழைய மாணவன் ஒருவனின் முகம் மனத்திலே தோன்றும்.

உயர்தர வகுப்பில் அவன் கெட்டிக்காரன். ஒரு தவணையில் அவன் போக்கு மாறிற்று. பந்தாட்டத்தை விட்டான், தோழரை விட்டு ஒதுங்கினான், வகுப்பிலே தூங்கி வழிந்தான். சோம்பல் என்றெண்ணிக் கடிந்துகொண்டேன். பின்னர் ஒருநாள் தன் அகராதியையும் பேனாவையும் தோழர்க்குக் கொடுத்துவிட்டான். அவனது தாராள மனத்தை வகுப்பறையிலே பாராட்டியவனும் நானே! அவன் விடைபெறுகின்றான் என்பதை நான் உணரவில்லை. இரவெல்லாம் மகன் உறங்காதிருப்பதைக் கண்ட அவனுடைய உம்மா உணர்ந்தார். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சாது அவனை வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். இன்று அவன் இரு பிள்ளைகளின் வாப்பா.

அதன் பின்னரே இந்நோயைப் பற்றிக் கற்கலானேன். மனச்சோர்வுற்ற இளைஞருட் பெரும்பாலோர் உயிரை மாய்த்துக்கொள்வதில்லை. ஆயினும் வேறு சில காரணங்கள் உடன் சேரும்போது ஆபத்து மிகுகின்றது. முன்னர் ஒருமுறை முயன்றிருத்தல் அவற்றுள் மிக வலியது. இனி எதுவும் சீர்படாது என்னும் நம்பிக்கையிழப்பு, நித்திரையின்மை, போதைப் பழக்கம், வீட்டுப் பூசல், அடியும் அவமானமும், நெருங்கிய ஒருவரை அவ்வாறே பறிகொடுத்த துயரம் ஆகியனவும் அத்தகையன. பரீட்சைத் தோல்வியைத் தனிக் காரணமாகச் சொல்லுவது பிழை. ஏற்கெனவே தளர்ந்த மனத்தின்மேல் அது வந்து விழுகின்றது.

நஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் ஒரு காரணமே. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய கிருமிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. இதிலிருந்து நாம் அறிவது யாது? சாகத் துணியும் வேகம் பலரிடத்தில் சிறிது நேரமே நிற்பது. அந்நேரத்தைக் கடந்தவர்களிற் பெரும்பாலோர் வாழ்ந்துவிடுகின்றனர். வயல் செய்யும் நம் வீடுகளில் இத்தகைய பொருள்களைப் பூட்டி வைத்தலும், சோர்ந்த பிள்ளையைத் தனியே விடாதிருத்தலும் உயிர்காக்கும் செயல்களாம்.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. ஆனால், “ஈமான் குறைந்தவன்”, “குடும்பத்துக்கு மானக்கேடு” என்று நாம் விதிக்கும் தண்டனை இன்னும் நீங்கவில்லை. அதற்கு அஞ்சியே பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

கேட்டால் அவ்வெண்ணம் வந்துவிடுமோ என்று ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. கேட்பதனால் அது விளைவதில்லை, பாரமே குறைகின்றது. “மகன், உயிரோடிருக்க வேண்டாம் என்று எண்ணுகின்றாயா?” என்று அமைதியாகக் கேளுங்கள். விடையைக் கடிந்துகொள்ளாது கேட்டு, வைத்தியரிடம் உடன் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய உளநலத் தொலைபேசி இலக்கமும் உண்டு.

நமது ஊரின் பெயரிலேயே சாய்ந்த மருதமரம் ஒன்று நிற்கின்றது. சாய்ந்த மரத்துக்குக் காலத்தே முட்டுக் கொடுத்தால் அது மீண்டும் தழைக்கும். அந்தத் தாய் செய்தது அதுவே. நான் செய்யத் தவறியதும் அதுவே.